எந்தக் கைத்துப்பாக்கி நல்லது? நண்பர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சாஸில் குடியிருக்கும் எனக்கு, சனிக்கிழமை காலையில் துப்பாக்கி சுடும் தளத்துக்குப் போகும் வழக்கம் பல வருடங்களாக உண்டு. ரேஞ்ச் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வோம். இது தெரிந்ததிலிருந்து, பொங்கல் விழாப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் மெல்ல ஆரம்பித்துவிடுகிறார்: "ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?" அந்தக் கேள்விக்கு இரண்டு வாய் சாப்பாட்டுக்கு நடுவே பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அமெரிக்காவில் மக்கள் அதிகம் கேட்டு வாங்கும் கைத்துப்பாக்கிகள் எவை?

எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் தவறாமல் இருப்பவை சில உண்டு. ஆஸ்திரியாவின் க்ளாக் 19, சிக் சாவர் பி365, ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி ஷீல்டு, ரூகர் எல்சிபி. கொஞ்சம் பழைய ரசனை உள்ளவர்களுக்கு 1911 பிஸ்டலும், ஐந்து தோட்டா போடும் குட்டி ரிவால்வரும். போட்டிகளில் சுடுகிறவர்கள் செக் நாட்டு சிஇசட் 75 வகையைத் தேடுவார்கள்.

இந்தப் பட்டியலை முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். சினிமாவில் வரும் மாதிரி பெரிதாக, பளபளவென்று எதுவுமே இல்லை. முக்கால்வாசி கறுப்பு நிற பிளாஸ்டிக். வாங்குகிறவர்கள் பெரும்பாலோர் தேடுவது பயங்கரத்தை அல்ல. கைக்கு அடக்கம், நம்பகம், பாக்கெட்டுக்கு ஏற்ற விலை, இந்த மூன்றையும்தான்.

பிஸ்டல், ரிவால்வர், என்ன வித்தியாசம்?

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும். பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். ஒரு தோட்டா வெடித்ததும் மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய், வெற்றுக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். சில கைத்துப்பாக்கிகளின் பின்புறம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை நம் ஊரில் அந்தக் காலத்தில் "குதிரை" என்பார்கள். க்ளாக் போன்றவற்றில் அந்தக் குதிரை கிடையாது. உள்ளேயே ஒளிந்திருக்கும் ஸ்ட்ரைக்கர்தான் தோட்டாவை அடிக்கும்.

எல்லோரும் க்ளாக், க்ளாக் என்கிறார்களே. அப்படி என்ன இருக்கிறது அதில்?

காஸ்டன் க்ளாக் துப்பாக்கி வியாபாரத்தில் பிறந்து வளர்ந்தவர் இல்லை. வியன்னாவுக்குப் பக்கத்தில் திரைச்சீலைக் கம்பிகள், ராணுவத்துக்குக் கத்திகள் என்று செய்துகொண்டிருந்தவர். ஆஸ்திரிய ராணுவம் புது பிஸ்டல் தேடுகிறது என்று தெரிந்ததும் அதில் இறங்கினார். துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்ற பழைய கற்பனை எதுவும் அவருக்கு இல்லாததுதான் பெரிய வசதி என்று எனக்குத் தோன்றும். 1982-ல் ராணுவம் அவருடைய பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. அது அவருடைய 17-வது காப்புரிமை என்பதால் க்ளாக் 17. மேகசினிலும் 17 தோட்டாக்கள் பிடிக்கும் என்பது பொருத்தமாக அமைந்துபோனது.

உடல் பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக். பாலிமர் பிஸ்டலை முதலில் செய்தவர் அவர் இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1970-லேயே ஒன்றைச் செய்தது. ஆனால் அதை உலகத்தையே ஏற்றுக்கொள்ள வைத்தவர் க்ளாக்தான். எடை சுமார் 630 கிராம். அதே காலத்து இரும்பு பிஸ்டல்கள் ஒரு கிலோவை நெருங்கும். நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கும் போலீஸ்காரருக்கு இந்த வித்தியாசம் முதுகில் தெரியும்.

அப்புறம், உள்ளே பாகங்கள் குறைவு. கழற்றித் துடைத்து மாட்ட ஐந்து நிமிடம் போதும். விசையை (ட்ரிகர்) முதல் தடவை இழுத்தாலும் பத்தாவது தடவை இழுத்தாலும் ஒரே அழுத்தம்தான். புதிதாகப் பழகுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது ரேஞ்சில் நின்று பார்த்தால்தான் புரியும்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்கக் காவல் துறைகள் ஒவ்வொன்றாக ரிவால்வரை விட்டு க்ளாக்குக்கு மாறின. போலீஸ் வைத்திருப்பதை ஜனங்களும் வாங்குவார்கள். 1988-ல் வந்த க்ளாக் 19 அளவில் கொஞ்சம் சிறியது, 15 தோட்டா. வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம், சட்டைக்குள்ளும் மறைத்துக்கொள்ளலாம் என்ற நடு அளவு. யாராவது ஒரே ஒரு துப்பாக்கி என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். உறை, மேகசின், உதிரி பாகம் எதற்கும் அலைய வேண்டாம் என்பதும் ஒரு காரணம். ஒரு காலத்தில் நம் ஊரில் மாருதி 800 ஓடிய மாதிரி, எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும்.

அழகு? இல்லை. கடைசிவரை எனக்கும் அது ஒரு செங்கல் மாதிரிதான் தெரிகிறது. ஆனாலும் என்னிடம் இருப்பது அதுதான்.

9 மி.மீ. நல்லதா, .45 நல்லதா?

எனக்குத் தெரிந்து இந்த ஒரு கேள்விக்காக நட்பே முறிந்திருக்கிறது. இரண்டுமே குண்டின் குறுக்களவைச் சொல்லும் தோட்டாப் பெயர்கள், .45 என்பது அங்குலக் கணக்கு. 9 மி.மீ. தோட்டா ஜெர்மனியில் கெயார்க் லூகர் 1902 வாக்கில் உருவாக்கியது. .45 ஏசிபி அதற்குச் சில வருடம் கழித்து அமெரிக்காவின் ஜான் பிரௌனிங் உருவாக்கியது. .45 பெரிய குண்டு, மெதுவாகப் போகும். 9 மி.மீ. சின்ன குண்டு, வேகமாகப் போகும்.

1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவன் உடம்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது, அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான் என்பது விசாரணையில் தெரிந்தது. உடனே 9 மி.மீ. போதாது என்று முடிவு கட்டினார்கள். முதலில் 10 மி.மீ. பக்கம் போனார்கள், சுடும்போது அது கையில் உதைக்கிற உதை பலருக்கு அதிகமாக இருந்தது. அதைக் குறைத்து 1990-ல் .40 ஸ்மித் அண்ட் வெசன் தோட்டா வந்தது. அடுத்த இருபது வருடம் அமெரிக்கப் போலீஸ் பெரும்பாலும் அதைத்தான் சுமந்தது.

அதற்குள் குண்டு செய்யும் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. புதிய 9 மி.மீ. குண்டுகள் அளவான ஆழத்துக்குப் போய் நன்றாக விரிந்தன. .40-க்கும் 9-க்கும் இருந்த இடைவெளி சுருங்கிப்போனது. உதைப்பு குறைந்ததில் அதிகாரிகள் குறி தவறாமல் சுடுவதும் தெரிந்தது. 2016-ல் எஃப்பிஐ திரும்ப 9 மி.மீ.க்கே வந்து, க்ளாக்குடன் ஒப்பந்தம் போட்டது. காவல் துறைகள் மாறியதும் பழைய .40 பிஸ்டல்கள் மலிவு விலைக்கு இரண்டாம் கைச் சந்தையில் வந்து குவிந்தன.

புதிதாக வாங்குகிறவருக்கு 9 மி.மீ. போதும் என்பதே என் பதில். தோட்டா விலை .45-ஐவிடக் குறைவு. அதே பணத்துக்கு அதிக நேரம் பழகலாம்.

சட்டைக்குள் மறைத்து வைக்கும் குட்டித் துப்பாக்கிகளுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

இரண்டு சட்டங்கள்தான் காரணம் என்பேன். 1987-ல் புளோரிடா மாநிலம், தகுதி உள்ளவர் கேட்டால் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. அதைப் பார்த்து ஒவ்வொரு மாநிலமாகப் பின்தொடர்ந்தது. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவருக்கு அந்த உரிமமே தேவையில்லை.

இன்னொன்று, 1994-லிருந்து 2004 வரை இருந்த மத்திய சட்டம். 10-க்கு மேல் தோட்டா பிடிக்கும் புது மேகசின்களைப் பொதுமக்களுக்கு விற்க அது தடை போட்டது. பத்துதான் என்றால் எதற்குப் பெரிய பிஸ்டல் என்று நிறுவனங்கள் உடலைச் சுருக்கின. க்ளாக் 26 அந்தக் காலத்தில் வந்தது.

2008-ல் ரூகர் எல்சிபி வந்தபோது 270 கிராம்தான் இருந்தது. பேன்ட் பாக்கெட்டில் மொபைல் மாதிரி இருக்கும். 2018-ல் சிக் சாவர் பி365 வந்தது ஒரு திருப்பம். ஓரங்குலத்துக்குச் சற்றே கூடுதலான தடிமன், அரைக் கிலோ எடை, ஆனால் உள்ளே 10 தோட்டா. அதுவரை அந்த அளவில் ஆறோ ஏழோதான் கிடைத்தது. வருடம் 365 நாளும் கூடவே இருக்கும் என்பதுதான் பெயரின் பொருள். மற்ற நிறுவனங்கள் எல்லாம் அதே மாதிரி செய்ய ஓடின.

ஆனால் கடையில் யாரும் சத்தமாகச் சொல்லாத ஒன்று உண்டு. துப்பாக்கி சின்னதாகச் சின்னதாக உதைப்பு கூடும். கனமான இரும்பு அந்த உதையை வாங்கிக்கொள்ளும். 270 கிராம் பிளாஸ்டிக் அதை அப்படியே உங்கள் மணிக்கட்டுக்குத் தரும். எல்சிபியில் ஐம்பது தோட்டா சுட்டபிறகு எனக்கு ஆள்காட்டி விரலுக்குக் கீழே இரண்டு நாள் வலி இருந்தது. கையில் எடுத்துப் பார்க்கும்போது "எவ்வளவு அழகா இருக்கு" என்று வாங்கியவர்கள் பலர் அதை ஒரு பெட்டித் தோட்டாவுக்கு மேல் சுட்டதே இல்லை.

1911 என்பது நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதை ஏன் இன்னும் வாங்குகிறார்கள்?

அதன் விசையை ஒருமுறை இழுத்துப் பார்த்தால் தெரியும். மற்ற பிஸ்டல்களில் விசை ஒரு கீலில் ஊஞ்சல் மாதிரி அசையும். இதில் நேராகப் பின்னால் போகும். கண்ணாடிக் குச்சி முறிவது மாதிரி, துல்லியமாக ஒரு புள்ளியில் விடும். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1985-ல்தான் இத்தாலியின் பெரெட்டாவுக்கு இடம் கொடுத்தது. (பெரெட்டா 1526-லிருந்து தொழில் செய்யும் குடும்பம். நம் மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கும் காலம்.)

தாத்தா வைத்திருந்தது, அப்பா வைத்திருந்தது என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அது வெறும் பாசம் மட்டும் அல்ல. தட்டையான உடல், கைக்குப் பாந்தமான சாய்வு, மெல்லிய கைப்பிடி. குறைகளும் உண்டு: ஏழெட்டுத் தோட்டாதான், எடை 1.1 கிலோ, பராமரிப்பு அதிகம். அதே வடிவத்தை அகலமாக்கி 9 மி.மீ. தோட்டாக்களை அதிகம் பிடிக்கும்படி செய்வது இப்போதைய மோகம். இங்கே டெக்சாஸில் ஃப்ளாரன்ஸ் ஊரில் இருக்கும் ஸ்டாக்காட்டோ நிறுவனம் அதற்குப் பெயர்போனது. இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும். சுட்டுப் பார்த்தேன், உருகிப்போனேன், வாங்கவில்லை.

ரிவால்வர் இன்னும் விற்கிறதா?

நன்றாகவே. ஸ்லைடை இழுக்கும் வேலை இல்லை, மேகசின் இல்லை, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். ஸ்மித் அண்ட் வெசனின் குட்டி ரிவால்வர் 1950-லிருந்து விற்கிறது. ஆனால் விசை கனமாக இருக்கும், குறி பார்க்கக் கஷ்டம். "பெண்களுக்கு ஏற்றது" என்று கடைக்காரர் இதை நீட்டினால் சட்டென்று சரி என்று சொல்லாதீர்கள். புதியவர்களுக்கு இதைவிடக் கஷ்டமானது குறைவு.

சேகரிப்பவர்களின் கனவு கோல்ட் பைதான். 1955-ல் வந்து, 2005-ல் நின்று, 2020-ல் 1,499 டாலர் விலையில் திரும்பி வந்தது.

என் மனைவியால் ஸ்லைடைப் பின்னால் இழுக்க முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், அது பலக் குறைவு மட்டும் அல்ல, முறையும்தான். ஸ்லைடை ஒரு கையால் இழுப்பதைவிட, அதை இறுகப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கைப்பிடியை முன்னால் தள்ளினால் பலருக்கு வந்துவிடும். அப்போதும் குழாய் ஆளில்லாத திசையில், விரல் விசைக்கு வெளியே. அதற்கும் மேலே கஷ்டம் என்றால், இதற்காகவே செய்த பிஸ்டல்கள் உண்டு. ஸ்மித் அண்ட் வெசன் 2018-ல் ஷீல்டு ஈஸி என்று .380 தோட்டாவுக்குக் கொண்டுவந்தது, 2020-ல் அதுவே 9 மி.மீ.யில் வந்தது. மூட்டுவலி இருக்கும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இதைத் தேடி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து அவருக்காக நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரிய ரேஞ்சுகளில் வாடகைக்குக் கிடைக்கும். நாலைந்தை அவரே சுட்டுப் பார்க்கட்டும். செருப்பு வாங்கும்போது போட்டுப் பார்க்கிறோம், இதற்கு அந்தப் பொறுமை வேண்டாமா?

என்ன விலை ஆகும்?

க்ளாக் 19 ஐந்நூறு, அறுநூறு டாலர். பிரேசிலின் டாரஸ் முந்நூறு டாலர் வாக்கில் கிடைக்கும். கையில் அதிகம் பணம் இல்லாதவர்கள் அதை வாங்குவதில் தவறே இல்லை. துப்பாக்கி விலையோடு நல்ல உறை, பூட்டும் பெட்டி, ஒரு நாள் வகுப்பு, பழகத் தோட்டா எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கையில் அறுநூறு இருந்தால் அறுநூறு டாலர் துப்பாக்கியை வாங்காதீர்கள்.

சேஃப்டி பொத்தான் இல்லாத துப்பாக்கி ஆபத்து இல்லையா?

க்ளாக்கில் விசையின் நடுவிலேயே ஒரு சின்ன நெம்புகோல் உண்டு, அதையும் சேர்த்து அழுத்தினால்தான் வெடிக்கும். உள்ளே இன்னும் இரண்டு தடுப்புகள் உண்டு, கீழே விழுந்தாலும் வெடிக்காமலிருக்க. ஆனால் விரலோ, சட்டை நுனியோ விசையில் பட்டால் எந்தத் தடுப்பும் காப்பாற்றாது. அதனால்தான் விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறை வேண்டும். துணி உறை, வெறும் பாக்கெட், கைப்பை, இவை வேண்டாம்.

புகழ் பெற்ற துப்பாக்கி என்பதாலேயே குறையற்றது என்று எண்ண வேண்டாம். சிக் சாவர் பி320-ஐ அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது. அதே வருடம், சில கோணங்களில் கீழே விழுந்தால் பி320 வெடிக்கக்கூடும் என்று சோதனைகளில் தெரிந்து, பொதுமக்களிடம் விற்றவற்றை இலவசமாக மாற்றித்தர நிறுவனம் ஏற்பாடு செய்தது. பழையதை வாங்குகிறவர்கள் அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாக முடியாது. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். விலக்கை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். தவறினால் ஜெயிலோடு விசாவும் போகும். நண்பர் பெயரில் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்வதும் குற்றம்தான். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் முதலில் கேட்பதே "உண்மையில் வாங்குவது நீங்கள்தானா" என்பதை.

குடும்பப் பாதுகாப்புக்குத்தானே வாங்குகிறோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இதை நான் யாரிடமும் சுருக்கமாகச் சொல்வதில்லை.

2023-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்புதான் முக்கியக் காரணம் என்றார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரவு இரண்டு மணிக்குப் பெட்ரோல் நிலையத்தில் தனியாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராதவர்களைவிட எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு.

அதனால், வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, குடிப்பழக்கம், பரீட்சை நேரத்தில் தூக்கமில்லாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பிள்ளை என்று இருந்தால், இப்போது வாங்காதீர்கள். நல்ல கதவுப் பூட்டும் கேமராவும் வாங்குங்கள். ஏற்கெனவே வைத்திருந்தால், கொஞ்ச காலத்துக்கு வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான, சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் விட்டு வையுங்கள்.

டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கைக்குத் தோட்டா ஏற்றிய துப்பாக்கி எட்டும்படி கவனக்குறைவாக வைத்து, அது அவர்கள் கைக்குப் போய்விட்டால் அதுவே குற்றம். அலமாரி உச்சி, தலையணைக்கு அடியில், புடவை மடிப்பு, இவை எதுவும் மறைவிடம் இல்லை. நாம் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் முறுக்கு டப்பாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தோம் அல்லவா? என் பிஸ்டல் படுக்கையறைச் சுவரில் போல்ட் போட்ட எஃகுப் பெட்டிக்குள் இருக்கிறது.

இந்தியாவில் இவற்றை வாங்க முடியுமா?

9 மி.மீ. அங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கியவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 ரிவால்வரும் .32 பிஸ்டலும். அரசுத் தொழிற்சாலைகளே செய்கின்றன. 2014-ல் கான்பூரில் பெண்களுக்கென்று "நிர்பீக்" என்ற அரைக் கிலோ ரிவால்வரை அறிமுகம் செய்தார்கள். விலை ஒரு லட்சத்துக்கு மேல்.

ஊருக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

பை. ரேஞ்சுக்கு ஒரு பை, விமானத்துக்கு வேறு பை என்று முதல் நாளிலேயே பிரித்துவிடுங்கள். பையின் மூலையில் எப்போதோ விழுந்து மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் கைதாகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதற்குள் பாஸ்போர்ட் சிக்கல், வக்கீல், தவறிப்போன கல்யாணம் எல்லாம் ஆகிவிடும். ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, உள் துணியைக் கையால் தடவிப் பாருங்கள். நான் இரண்டு முறை பார்ப்பேன்.